சாடையிலிருந்து சைகை மொழிக்கு: காது கேளாதோருடன் பணிபுரிய விரும்புவோருக்கு ஓர் எளிய விளக்கம்

பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது என்ற செய்தியை ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இராமநாதபுரம் கடலோர மக்களாகிய நாம் ஆண்டுதோறும் கேட்டு வருகிறோம். கடலில் நிற்கும் கப்பலுக்குக் கரையிலிருந்து குரல் எட்டாது என்பதால், கண்ணுக்குத் தெரியும்படி ஏற்பட்ட முறை அது; பகலில் கூம்பும் உருளையுமான வடிவங்கள், இரவில் சிவப்பும் வெள்ளையுமான விளக்குகள் என்று, 1 முதல் 11 வரையிலான எண்களில் காற்றின் நிலையை அது தெரிவிக்கிறது. காது கேட்கும் மீனவருக்கும் கேளாத மீனவருக்கும் அந்தக் கூண்டு ஒரே அளவில்தான் சேதி சொல்கிறது. ஆனால் அதன்பிறகு ஊருக்குள் வரும் அறிவிப்புகள் பெரும்பாலும் குரலாகவே வருகின்றன. ஆட்டோவில் கட்டிய ஒலிபெருக்கி தெருத்தெருவாகச் செல்கிறது. பள்ளிவாசலிலும் கோயிலிலும் மைக்கில் சொல்கிறார்கள். நாளைக்குக் கடலுக்குப் போக மீன்வளத் துறை தரும் டோக்கன் உண்டா இல்லையா என்பது வாய்வழியாகப் பரவுகிறது. காது கேளாத மீனவர் பக்கத்துப் படகுகள் கரைக்கு இழுக்கப்படுவதைப் பார்த்து, ஏதோ நடக்கப்போகிறது என்று ஊகித்துக்கொள்கிறார். ஏன், எத்தனை நாளைக்கு, எந்த நேரம் வரை என்பதெல்லாம் வீட்டார் சாடையில் எவ்வளவு சொல்ல முடிகிறதோ அவ்வளவுதான் அவரை எட்டுகின்றன.

சைகை மொழியைக் கற்கத் தொடங்கியிருக்கும், காது கேட்கும் இளைஞர்கள் பலர், "இதைப் படித்தால் என்ன வேலைக்குப் போகலாம்?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கான விடை, மேலே சொன்ன மீனவருக்கும் ஊராருக்கும் இடையே விடுபட்டுப்போகும் சொற்களில் இருக்கிறது. அச்சொற்களைச் சிதையாமல் கொண்டுசேர்ப்பதே தொழிலாக அமைந்த பணிகள் ஒரு வகை; மொழிபெயர்ப்பாளர் பணி அவற்றில் முதன்மையானது. ஆசிரியர், செவிலியர், வழக்கறிஞர், எழுத்தர் என்று வேறொரு தொழிலைச் செய்துகொண்டே சைகை மொழியையும் அதில் பயன்படுத்துவது மற்றொரு வகை. எங்கள் கடலோரத்தைப் போன்ற, பெருநகரங்களிலிருந்து தள்ளியிருக்கும் பகுதிகளுக்கு இரண்டாம் வகையினர்தான் அதிகம் தேவைப்படுகிறார்கள் என்பது என் கருத்து. இரண்டுக்கும் அடிப்படை மொழிதான் என்பதால், அதைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும்.

சாடை வேறு, மொழி வேறு

இந்தக் கரையில் சாடை தெரியாதவர் எவருமில்லை. விசைப்படகின் எஞ்சின் இரைச்சலில் பேச்சுக் கேட்காது என்பதால், வலையை இழு, எஞ்சினை நிறுத்து, இந்தப் பக்கம் வா என்பதையெல்லாம் கையாலேயே சொல்லிப் பழகியவர்கள் நம் மீனவர்கள். காது கேளாத பிள்ளை பிறந்த வீட்டில், தாயும் பிள்ளையும் தமக்குள் சோறு, தண்ணீர், பள்ளி, அப்பா என்பதற்குச் சில சாடைகளை உருவாக்கிக்கொள்கிறார்கள். அந்தச் சாடைகள் அந்த வீட்டு வாசலைத் தாண்டினால் பிறருக்கு விளங்குவதில்லை. நேற்று நடந்ததையும் நாளை நடக்கப்போவதையும், "அவன் வந்திருந்தால் நான் போயிருக்க மாட்டேன்" போன்ற நிபந்தனைகளையும் அவற்றில் சொல்வது பெரும்பாடு.

இந்தியச் சைகை மொழியோ சொற்களும் இலக்கணமும் உடைய முழுமையான மொழி. மூக்குத்தி அணியும் இடத்தை விரலால் தொட்டால் பெண், மீசை இருக்கும் இடத்தை விரல்களால் தடவிக் காட்டினால் ஆண் என்பன போன்ற சொற்கள் பார்த்தவுடன் நமக்குப் பிடிபடுவதால், இது எளிதான ஒன்று என்ற எண்ணம் தொடக்கத்தில் எல்லோருக்கும் வருகிறது. இலக்கணம் தொடங்கும்போது அந்த எண்ணம் போய்விடும். தமிழில் "நீ எங்கே போகிறாய்?" என்று கேட்கிறோம், இந்தியச் சைகை மொழியில் "எங்கே" என்ற வினாச்சொல் வாக்கியத்தின் இறுதியில் வருகிறது. "இல்லை" என்ற பொருளும் பெரும்பாலும் இறுதியிலேயே வருகிறது; தலையசைவும் அதனுடன் சேர்ந்துகொள்கிறது. புருவம் உயர்வதும் தலை அசைவதும் தமிழில் உணர்ச்சிக்கு உரியவை. இம்மொழியில் அவை இலக்கண உறுப்புகள். ஆகவே, தமிழை வரிசை மாறாமல் கையால் செய்து காட்டினால் அது சைகை மொழி ஆகிவிடாது. அமெரிக்கச் சைகை மொழியை ஆராய்ந்த வில்லியம் ஸ்டோக்கோ 1960-இல் தம் ஆய்வை வெளியிட்டதை அடுத்தே, சைகை மொழிகளும் மொழிகளே என்பதை மொழியியலார் படிப்படியாக ஏற்றுக்கொண்டனர். உலகம் முழுவதற்கும் ஒரே சைகை மொழி என்பதும் தவறான எண்ணம். அமெரிக்கர் ஆங்கில எழுத்துகளை ஒரு கையால் காட்டுகிறார்கள், நாம் இரு கைகளால் காட்டுகிறோம். இந்தியாவுக்குள்ளேயே சொற்கள் ஊருக்கு ஊர் மாறுகின்றன. இலக்கணம் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது.

வாயசைவைப் பார்த்தே அவர்கள் புரிந்துகொள்ள மாட்டார்களா என்று கேட்பவர்களுக்கு ஒரு சிறு சோதனையைச் சொல்வேன். கண்ணாடிமுன் நின்று, குரல் எழுப்பாமல் "பாடு" என்றும் "மாடு" என்றும் சொல்லிப் பாருங்கள். பகரமும் மகரமும் உதடுகள் ஒட்டிப் பிறப்பவை என்பதால் கண்ணாடியில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். "இன்றைக்குப் பாடு எப்படி?" என்பது, மீன் கிடைத்த அளவை விசாரித்து, எங்கள் கரையில் நாள்தோறும் கேட்கப்படும் கேள்வி, வாயசைவை மட்டும் பார்ப்பவருக்கு அது மாட்டைப் பற்றிய விசாரிப்பாகவும் இருக்கலாம். இடம், பொருள், பேசுபவரின் முகம் ஆகியவற்றைக் கொண்டு ஊகித்து ஊகித்தே அவர் நாளெல்லாம் களைத்துப்போகிறார்.

மொழியை அரைகுறையாகக் கற்றவர் செய்யக்கூடிய தீங்கை நான் என்னிடமிருந்தே அறிந்தேன். கற்கத் தொடங்கி எட்டு மாதமே ஆகியிருந்த காலத்தில், எங்கள் தெருவில் கருவாடு விற்கும் அக்கா ஒருவருக்கு நெஞ்செரிச்சல் என்று மருத்துவமனைக்குத் துணையாகப் போனேன். அவர் சிறு வயதில் விடுதியில் தங்கிச் சிறப்புப் பள்ளியில் படித்தவர். சைகை மொழியில் சரளமாகப் பேசக்கூடியவர். "மயக்கம் வருகிறதா?" என்று மருத்துவர் கேட்டதை நான் அவருக்குச் சொன்னேன், அவர் மயக்கம் என்பதற்கான சைகையைச் செய்தார். "வருகிறதாம்" என்று நான் மருத்துவரிடம் சொன்னேன். கை அந்தச் சொல்லைச் செய்துகொண்டிருந்தபோதே தலை இடவலமாக அசைந்ததை நான் பார்க்கவில்லை. என் கண்கள் அவருடைய கைகளிலேயே இருந்தன. அதன்பின் இசிஜி, இரத்தப் பரிசோதனை, மாலை வரை காத்திருப்பு என்று அவருடைய ஒரு நாள் வியாபாரம் என்னால் போயிற்று. வெளியே வந்ததும், நடந்ததைப் புரிந்துகொண்ட அவர், என் முகவாயைப் பிடித்துத் தம் முகத்தை நோக்கித் திருப்பி, அதே சைகையை மீண்டும் செய்து, மெதுவாகத் தலையை அசைத்துக் காட்டினார். அன்று நேர்ந்தது ஒரு நாள் இழப்பு மட்டுமே. மாத்திரையின் அளவிலோ, அறுவைச் சிகிச்சைக்கான ஒப்புதலிலோ இதே பிழை நேர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் எண்ணிப் பார்க்கிறேன்.

மொழிபெயர்ப்பாளர் என்ற பணி

சைகை மொழிபெயர்ப்பாளர் இருவருக்கு நடுவே நின்று, ஒருவர் சொல்வதைக் கூட்டாமல் குறைக்காமல் மற்றவரிடம் சேர்ப்பவர். கேட்பதற்கு எளிதாக இருக்கும் இந்த வரையறைக்குள் பல கட்டுப்பாடுகள் அடங்கியிருக்கின்றன. காது கேளாதவர் "எனக்கு வலிக்கிறது" என்று கையால் சொன்னால், மொழிபெயர்ப்பாளரும் "எனக்கு வலிக்கிறது" என்றே குரலில் சொல்ல வேண்டும். "அவருக்கு வலிக்கிறதாம்" என்று சொல்லத் தொடங்கினால், மருத்துவர் நோயாளியை விட்டுவிட்டு மொழிபெயர்ப்பாளரிடம் பேச ஆரம்பித்துவிடுவார். நான் செய்த பிழைகளில் இதுவும் ஒன்று. பேசுபவருக்குப் பக்கத்திலோ சற்றுப் பின்னாலோ நின்றால்தான் காது கேளாதவர் இருவர் முகத்தையும் ஒருசேரப் பார்க்க முடியும். சன்னல் வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் இருந்தால் கை நிழலாகத்தான் தெரியும். கைகள் தெளிவாகத் தெரியும்படி, தோலின் நிறத்துக்கு மாறான, கோடும் பூவும் இல்லாத ஆடையை அணிவது வழக்கம்; நம்மைப் போன்ற கறுத்த கைகளுக்கு வெளிர் நிறம் பொருந்தும். குலுங்கும் வளையலையும் மோதிரத்தையும் கழற்றிவிடுவார்கள். பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே உடனுக்குடன் பெயர்ப்பது மூளையை மிகவும் களைப்படையச் செய்யும் வேலை என்பதால், நீண்ட கூட்டங்களுக்கு இருவர் சென்று, 20 முதல் 30 நிமிடங்களுக்கு ஒருமுறை மாறிக்கொள்வது முறை.

இவற்றைவிடக் கடினமானது இரகசியம் காத்தல். பெருநகரத்தில் மொழிபெயர்ப்பாளரும் அவரை அழைத்தவரும் வேலை முடிந்ததும் பிரிந்துவிடுவார்கள். தங்கச்சிமடத்திலோ கீழக்கரையிலோ அப்படி முடியாது. காலையில் மருத்துவமனையில் ஒருவருக்காகப் பேசியவர், மாலையில் அதே ஆளின் மாமியாரைத் தெருவில் சந்திக்கிறார், "டாக்டர் என்ன சொன்னார்?" என்று அந்த அம்மா உரிமையோடு கேட்கிறார். "அதை அவரிடமே கேளுங்கள் அம்மா" என்று முகம் கோணாமல் சொல்லிவிட்டு நகரும் பழக்கம் இந்தத் தொழிலின் பாதி. உறவும் ஊரும் பின்னிக் கிடக்கும் இடத்தில் பணிபுரிய நினைப்பவர் இதை முதலிலேயே தம் வீட்டாரிடமும் சொல்லிவைப்பது நல்லது. இதே காரணத்தால், சொந்தப் பிள்ளைகளையும் கணவனையும் அண்ணனையும் மொழிபெயர்க்க வைப்பது எவ்வளவு தவறு என்பதும் விளங்கும். காது கேளாத தாயின் கர்ப்பப்பை நோயைப் பற்றிப் பன்னிரண்டு வயது மகன் மருத்துவரிடம் பேச நேர்வது, இருவருக்கும் இழைக்கப்படும் கொடுமை.

இப்பணியின் தேவை சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. ஐக்கிய நாடுகள் அவையின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 2007-இல் ஏற்புறுதி செய்தது. அதில் தொழில்முறைச் சைகை மொழிபெயர்ப்பாளர்கள் கிடைக்கச் செய்யவேண்டிய கடமை சொல்லப்பட்டிருக்கிறது. அதன்வழி வந்த 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அவரவருக்கு உரிய தொடர்புமுறையிலேயே சாட்சியம் பதிவு செய்யப்பட வேண்டும் என்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின்படி, வாயால் சொல்ல இயலாத சாட்சி திறந்த நீதிமன்றத்தில் சைகையால் சொல்வது வாய்மொழிச் சாட்சியமாகவே கருதப்படும். அப்போது நீதிமன்றம் மொழிபெயர்ப்பாளர் அல்லது சிறப்பாசிரியரின் உதவியைப் பெறவேண்டும். அந்த வாக்குமூலம் காணொளியாகவும் பதிவு செய்யப்பட வேண்டும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்துக்கான 2020-ஆம் ஆண்டு விதிகள், மொழிபெயர்ப்பாளர்கள், சிறப்பாசிரியர்கள் ஆகியோரின் பெயர்ப் பதிவேட்டை ஒவ்வொரு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகும் வைத்திருக்கவேண்டும் என்கின்றன. உரிய தகுதி பெற்றபின் அந்தப் பதிவேட்டில் பெயரைச் சேர்ப்பது, நம் மாவட்டத்தில் ஒருவர் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள காரியங்களுள் ஒன்று. 2023 செப்டம்பரில், காது கேளாத வழக்கறிஞரான சாரா சன்னி உச்ச நீதிமன்றத்தின் காணொளி விசாரணையில் சைகை மொழிபெயர்ப்பாளரின் துணையுடன் வாதாட அனுமதிக்கப்பட்டார். காது கேளாதவர் என்றால் குற்றவாளிக் கூண்டிலோ சாட்சிக் கூண்டிலோ நிற்பவர் என்றே எண்ணிப் பழகிய நமக்கு, வாதாடுபவராகவும் அவர் இருக்க முடியும் என்பதை அந்த நாள் காட்டியது.

பள்ளியின் பக்கமே போகாமல், வீட்டுச் சாடை மட்டுமே அறிந்து வளர்ந்த முதியவர்களும் இக்கரையில் இருக்கிறார்கள். அவர்களிடம் பேசும்போது, காது கேட்கும் மொழிபெயர்ப்பாளர் எவ்வளவு தேர்ந்தவராயினும் தடுமாறுவார். அத்தகைய நேரத்தில் காது கேளாத ஒருவரையே இடைநிலை மொழிபெயர்ப்பாளராக அமர்த்துவது பல நாடுகளில் நடைமுறையாக இருக்கிறது. முதியவரின் சாடையை அவர் சைகை மொழிக்கு மாற்ற, காது கேட்கும் மொழிபெயர்ப்பாளர் அதைக் குரலுக்கு மாற்றுகிறார். கண்ணால் வாழ்ந்தவரின் சாடை, கண்ணால் வாழ்பவருக்கே விரைவில் பிடிபடுகிறது.

இந்தப் பணிக்கான முறையான படிப்பு, இந்தியச் சைகை மொழிபெயர்ப்பில் இரண்டாண்டுப் பட்டயம். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி பெற்றவர்கள் சேரலாம். 2015-இல் தில்லியில் நிறுவப்பட்ட இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையமும், மும்பையிலுள்ள அலி யாவர் ஜங் தேசிய நிறுவனமும் இதை நடத்துகின்றன. தமிழ்நாட்டில் கோயம்புத்தூரில் உள்ள இராமகிருஷ்ண மிஷன் விவேகானந்தா நிறுவனத்தின் வளாகம், சிறப்புக் கல்வியிலும் சைகை மொழியிலும் நெடுங்காலமாகப் பணியாற்றி வருகிறது. இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் அங்கீகாரம் பெற்ற படிப்புதானா என்பதை, சேரும் ஆண்டிலேயே அக்குழுமத்தின் பட்டியலைப் பார்த்து உறுதிசெய்துகொள்ள வேண்டும். மூன்று மாதத்தில் மொழிபெயர்ப்பாளர் ஆக்குகிறோம் என்று சொல்லும் சான்றிதழ்களுக்குப் பணம் கட்டாதீர்கள்.

பள்ளியும் பரிசோதனை அறையும்

காது கேளாத பிள்ளைகளின் ஆசிரியராக விரும்புவோர், சிறப்புக் கல்வியில் செவித்திறன் குறைபாட்டுப் பிரிவை எடுத்துப் பட்டயமோ பி.எட். பட்டமோ பெறவேண்டும், பெற்றபின் மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். நம் தென் மாவட்டங்களுக்கு இதில் ஒரு நீண்ட மரபு உண்டு. பாளையங்கோட்டையில் ஃபுளோரன்ஸ் ஸ்வெய்ன்சன் அம்மையார் தொடங்கிய காது கேளாதோர் பள்ளி, 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து நடந்து வருகிறது. சிறப்புப் பள்ளிகளில் மட்டுமின்றி, வட்டார வள மையங்களின் வழியாகச் சாதாரண அரசுப் பள்ளிகளுக்கும் வீடுகளுக்கும் சென்று கற்பிக்கும் சிறப்பாசிரியர்களும் இருக்கிறார்கள்.

இந்தப் பணியில் சேருபவர் ஒரு பழைய வழக்கையும் அறிந்திருக்க வேண்டும். 1880-இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு, காது கேளாத பிள்ளைகளுக்குப் பேச்சுப் பயிற்சியால் மட்டுமே கற்பிக்க வேண்டும், சைகையை விலக்க வேண்டும் என்று தீர்மானித்தது. அந்தத் தீர்மானத்தின் நிழல் உலகெங்கும் பள்ளிகளின்மேல் நூறாண்டுக்கு மேலாக விழுந்தது. 2010-இல் கனடாவின் வான்கூவரில் கூடிய அதே வரிசை மாநாடு, மிலான் தீர்மானங்களைத் தள்ளுபடி செய்து வருத்தம் தெரிவித்தது. இடைப்பட்ட காலத்தில், வகுப்பறையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்த பிள்ளைகள், விடுதியில் விளக்கடியில் ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுத்தே மொழியைக் காப்பாற்றினார்கள். எங்கள் கருவாட்டு அக்காவும் அப்படிக் கற்றவரே. ஆகவே, சரளமாகச் சைகை செய்யத் தெரிந்த ஆசிரியர் ஒருவர் வகுப்பறைக்குள் வருவது, பாடத்தைச் சொல்லித்தருவதற்கும் மேலான ஒன்று. இப்போது துணைக்கருவிகளும் வந்துவிட்டன. பாடநூல்களைச் சைகை மொழிக்கு மாற்றும் உடன்பாடு 2020-இல் ஏற்பட்டது. தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் இந்தியச் சைகை மொழியை ஒரு மொழிப்பாடமாகவே வைத்திருக்கிறது. மத்திய அரசின் கல்வித் தொலைக்காட்சித் திட்டமான பிஎம் இ-வித்யாவின் 31-ஆம் அலைவரிசை 2024 டிசம்பரிலிருந்து இம்மொழிக்கென்றே இயங்குகிறது.

செவித்திறன் பரிசோதனையும் பேச்சுப் பயிற்சியும் வேறு வகையான படிப்பு. பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் படித்தவர்கள், ஓராண்டுப் பயிற்சியும் சேர்ந்த நான்காண்டுப் பட்டப்படிப்பாக இதைப் படிக்கிறார்கள். பச்சிளங்குழந்தைகளுக்குச் செவித்திறன் சோதனை, காதொலிக்கருவி பொருத்துதல், ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் செய்யப்படும், உட்காதில் கருவி பொருத்தும் காக்ளியர் அறுவைக்குப் பிந்தைய பயிற்சி ஆகியவை இவர்கள் பொறுப்பு. இத்துறையினரில் சைகை மொழி அறிந்தவர் குறைவு. பேச்சைக் கற்பிக்கும்போது சைகையைக் காட்டினால் பிள்ளை பேசாது என்று பெற்றோரிடம் சொல்பவர்களும் இருக்கிறார்கள். நான் அதை ஏற்பதில்லை. காது கேளாத பிள்ளைகளில் பெரும்பாலோர் காது கேட்கும் பெற்றோருக்குப் பிறப்பவர்கள். கருவி பொருத்தப்பட்டு, பயிற்சி பலன் தரத் தொடங்கும் வரை, அந்தப் பிள்ளை எந்த மொழியும் இல்லாமல் காத்திருக்க வேண்டியதில்லை. மொழி பதியும் ஆண்டுகள் போனால் திரும்பி வருவதில்லை. இதை ஒரு தாயிடம் பொறுமையாகச் சொல்லி, அவர் கைக்கு முதல் இருபது சொற்களைக் கற்றுக்கொடுக்கத் தெரிந்த செவித்திறன் வல்லுநர் ஒருவர் மாவட்டத்துக்கே வரம்.

தொழில் எதுவாயினும்

மேற்சொன்னவற்றுள் எதையும் படிக்காமல், தமக்குப் பிடித்த தொழிலிலேயே இருந்துகொண்டு சைகை மொழியைப் பயன்படுத்துவோரைத்தான் தொடக்கத்தில் இரண்டாம் வகை என்றேன். அரசு வேலைகளில் மாற்றுத்திறனாளிகளுக்கான 4 விழுக்காட்டில் 1 விழுக்காடு செவித்திறன் குறையுடையோருக்கு உரியது. அவர்கள் சேரும் அலுவலகத்தில் சைகை தெரிந்த சக ஊழியர் ஒருவர் இருந்தால் முதல் நாளே வேறாக அமையும். அடையாள அட்டைக்காகவும் உதவித்தொகைக்காகவும் அவர்கள் ஏறி இறங்கும் அலுவலகங்கள், வங்கிகள், காவல் நிலையங்கள், மகப்பேறு வார்டுகள், தொழிற்பயிற்சி நிலையங்கள் எல்லாவற்றிலும் இதே நிலைதான். மீன்வளத் துறையின் டோக்கன் தரும் இடத்தில் உட்கார்ந்திருக்கும் ஊழியர், "நாளை இல்லை, காற்று, மூன்று நாள்" என்பதை முறையான சைகையில் சொல்லத் தெரிந்தவராக இருந்தால், அந்த மீனவர் படகுகளைப் பார்த்து ஊகிக்க வேண்டியதில்லை. புயல் அறிவிப்பைக் காது கேளாத ஒருவரைக் கொண்டே சைகையில் சொல்லச் செய்து, அரை நிமிடக் காணொளியாக வாட்ஸ்அப் குழுக்களுக்கு அனுப்புவதற்குப் பெரிய செலவும் ஆகாது.

ஓர் எல்லையை மட்டும் மறக்கக் கூடாது. சைகை அறிந்த செவிலியர் தம் நோயாளியிடம் தாமே பேசலாம், பேச வேண்டும். ஆனால் அவரே நீதிமன்றத்தில் மொழிபெயர்க்கவோ, அறுவைச் சிகிச்சை ஒப்புதலை விளக்க மருத்துவருக்கும் நோயாளிக்கும் நடுவே நிற்கவோ கூடாது. அங்கே பயிற்சி பெற்றவரை அழைக்கும்படி சொல்வதே அவர் செய்யக்கூடிய சிறந்த உதவி.

காது கேட்போர் விட்டுக்கொடுக்க வேண்டிய ஒரு பணியும் உண்டு. சைகை மொழியைப் பிறருக்குக் கற்பிக்கும் பணி காது கேளாதோருக்கு உரியது. அதைக் கற்பிப்பதற்கான பட்டயப் படிப்பு, காது கேளாதோருக்கென்றே நடத்தப்படுகிறது. ஓராண்டு கற்றுவிட்டுத் தாமே வகுப்பு நடத்தத் தொடங்கும் கேட்போர், தம் தவறான உச்சரிப்பையும் சேர்த்தே பரப்புகிறார்கள் என்பது மட்டுமின்றி, அந்த மொழிக்கு உரியவர்களின் சம்பளத்தையும் எடுத்துக்கொள்கிறார்கள். உங்களிடம் யாராவது கற்றுத்தரும்படி கேட்டால், உங்களுக்குக் கற்றுத்தந்தவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

இக்கரையிலிருந்து தொடங்குவது

பயன்படுத்தும் சொல்லிலிருந்து தொடங்கலாம். "ஊமை" என்பது எங்கள் ஊர்களில் இன்னும் ஒரு மனிதரின் பெயராகவே வழங்குகிறது. ஐம்பது வயதுக்காரருக்குக்கூட இயற்பெயர் குடும்ப அட்டையில் மட்டும்தான் இருக்கிறது. காது கேளாதவர் என்று சொல்லுங்கள். அதைவிட, அவருடைய பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு அதைச் சொல்லுங்கள். அவர்களுக்குள் ஒவ்வொருவருக்கும் சைகைப் பெயர் ஒன்று இருக்கும். உங்களுக்கும் ஒன்றை அவர்களே தருவார்கள். நீங்களாக வைத்துக்கொள்வது மரபன்று. அழைக்க வேண்டுமானால் தோளை மெல்லத் தொடலாம், கையை அசைக்கலாம், படகிலோ மரத்தளத்திலோ இருந்தால் காலால் தட்டி அதிர்வை அனுப்பலாம்.

சொற்களுக்கு, தில்லி மையத்தின் அகராதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 2018-இல் 3,000 சொற்களுடன் வெளிவந்த அது, 2021-இல் 10,000 சொற்களாக வளர்ந்தது. அதை அடிப்படையாகக் கொண்ட சைன் லேர்ன் என்ற செயலியும் உண்டு. ஆனால் அகராதிச் சொல்லும் நம்மூர்ச் சொல்லும் வேறுபடும் இடங்கள் வரும். அப்போது இரண்டையும் கற்றுக்கொள்ளுங்கள். எதிரில் இருப்பவர் எதைப் பயன்படுத்துகிறாரோ அதைப் பேசுங்கள். மீன்களின் பெயர்களுக்கு இங்கு வழங்கும் சைகைகளை நான் எந்த அகராதியிலும் பார்த்துக் கற்கவில்லை. மீன் விற்பவர்களிடமே கற்றேன். காது கேளாதோரைச் சந்திக்க வழி தெரியாதவர்கள், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டால், சங்கங்களையும் சிறப்புப் பள்ளிகளையும் பற்றிய விவரங்களைப் பெறலாம். செப்டம்பர் 23 உலகச் சைகை மொழிகள் நாள். அந்த வாரத்தில் நடக்கும் நிகழ்ச்சிகளுக்குப் போனால் அறிமுகங்கள் கிடைக்கும்.

நான் இப்போதும் அந்த அக்காவிடம்தான் கற்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வியாபாரம் முடிந்து, கூடைகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, மூன்று மணிக்கு அவர் திண்ணையில் உட்காருவார். நாங்கள் நான்கு பேர் எதிரில் அரைவட்டமாக உட்காருவோம். வரிசையாக உட்கார்ந்தால் ஒருவர் கை மற்றவருக்குத் தெரியாது. மாதத்துக்கு ஆளுக்கு இருநூறு ரூபாய் என்று அவரே கூலியை வைத்தார். ஐந்து மணி வரை யாரும் வாய் திறந்து பேசக்கூடாது. ஒரு சொல் தெரியாவிட்டால் அதைச் சுற்றிச் சுற்றிச் சைகையாலேயே விளக்க வேண்டும். கண்கள் கைகளுக்கு இறங்கினால், அவர் தம் இரு விரல்களால் எங்கள் கண்களைச் சுட்டி, பிறகு தம் முகத்தைச் சுட்டுகிறார்.